பென்ஷன் விதிகளின் பொடி எழுத்தோடு 40 வருஷம்: கேரன் பெர்குசன் என்ற வழக்கறிஞர்

சிகாகோவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஜான் டேனியல் 1973-ல் ஓய்வு பெற்றபோது அவருக்கு 22 வருஷத்துக்கும் மேல் சர்வீஸ் இருந்தது. அவருடைய யூனியன் பென்ஷன் திட்டம் கேட்டது 20 வருஷம்தான். ஆனால் அந்த 20 வருஷமும் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதியில் இருந்தது. 1960 டிசம்பரில் ஆட்குறைப்பில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், சில மாதம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அதற்கப்புறமும் சில மாதங்கள் அவர் பெயரில் பென்ஷன் நிதிக்குப் பணம் போகவில்லை, ஏனென்றால் கம்பெனியின் கணக்கர் அந்தப் பணத்தைக் கையாடிவிட்டார். ஆக மொத்தம் 7 மாத இடைவெளி. இதில் எதுவும் டேனியல் செய்த தவறு இல்லை. ஆனாலும் பென்ஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1979-ல் தோற்றது.

அவர் வழக்குப் போட்டதே பங்குச் சந்தை மோசடிச் சட்டத்தின் கீழ்தான். தொழிலாளர் பென்ஷனைக் காக்கும் சட்டம் 1974-ல்தான் வந்தது, அவரோ அதற்கு ஒரு வருஷம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். 'உன் பென்ஷன் நிதியில் நீயாக விரும்பிப் பணம் போடவில்லை, அதனால் அது முதலீடு ஆகாது, இந்தச் சட்டம் உனக்குப் பொருந்தாது' என்பது நீதிமன்றத்தின் முடிவு. சட்டப்படி அந்த வாதத்தில் பிழை கண்டுபிடிப்பது கஷ்டம். பிழை அதற்கும் முன்னால், விதி எழுதப்பட்ட இடத்தில் இருக்கிறது. இந்த மாதிரித் திட்டங்களின் விதிகளை எழுதும் மேஜையில் முதலாளிகள் தரப்பும் உட்கார்ந்திருக்கும், யூனியன் தரப்பும் உட்கார்ந்திருக்கும். ஓய்வு பெறப் போகிற தனி மனிதருக்காக, அவருடைய விதவைக்காக, நடுவில் வேலை மாறியவருக்காகப் பேச அங்கே ஆள் இல்லை.

அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தவர் கேரன் பெர்குசன். ஹார்வர்ட் சட்டக் கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததே 1950-ல்தான்; அதற்குப் பிறகான காலத்தில், வகுப்பில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த நாட்களில் அங்கே படித்துவிட்டு வந்தவர். நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடரின் பொதுநல அமைப்பில் வேலை பார்த்தார். 1976-ல் வாஷிங்டனில் 'பென்ஷன் உரிமை மையம்' என்ற சிறிய அமைப்பைத் தொடங்கினார். 2021 டிசம்பரில் 80 வயதில் அவர் இறக்கும்வரை அவருடைய வாழ்க்கை அந்த அமைப்போடுதான் போனது. அவரைப் பற்றிப் பேசும்போது பெரிய நீதிமன்ற வெற்றிகளைச் சொல்ல மாட்டார்கள். அவர் செய்தது வேறு வேலை: விதிப்புத்தகத்தில் தொழிலாளியின் பணம் எந்த வரியில் கழன்று போகிறது என்று கண்டுபிடித்து, அந்த வரியை மாற்றும் வரை நாடாளுமன்றக் குழுக்களையும் பத்திரிகைகளையும் விடாமல் தட்டிக்கொண்டிருப்பது. தொழிலாளர் உரிமைக்கு ஒரு வழக்கறிஞர் செய்யக்கூடிய வேலைகளில் இதுதான் மிகவும் பலன் தருவது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் 1974 சட்டம். அமெரிக்காவில் இதை 'எரிசா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதன் பின்னணியில் இருப்பது ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி. இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊரில் இருந்த அதன் ஆலையை மூடுவதாக 1963 டிசம்பரில் அறிவித்தார்கள். பென்ஷன் நிதியில் எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் 60 வயதைத் தொட்டவர்களுக்கும், சுமார் 3,600 பேர், முழுப் பென்ஷன் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரை இருந்து 10 வருஷ சர்வீஸ் முடித்திருந்த 4,000 பேருக்கு, அவர்களுக்கு வர வேண்டியதில் 15 சதவீதம் அளவுதான் கிடைத்தது. மிச்சம் இருந்த 2,900 பேர் அளவுக்கு ஒன்றுமே இல்லை. 59 வயதில் 40 வருஷம் உழைத்தவரும் இந்த 15 சதவீதக் கூட்டத்தில்தான் நின்றார், 60 வயது ஆனவருக்கு முழுதாகக் கிடைத்தது. ஒரு பிறந்தநாள் வித்தியாசம்.

இதற்கப்புறமும் சட்டம் வர 11 வருஷம் ஆனது. நியூயார்க் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் விடாப்பிடியாக முயன்றார். 1974 செப்டம்பர் 2 அன்று, அமெரிக்கத் தொழிலாளர் தினத்தில், அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். கம்பெனி பென்ஷனுக்காக ஒழுங்காகப் பணம் ஒதுக்க வேண்டும். நிதியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தொழிலாளியின் நலனுக்காக மட்டுமே முடிவெடுக்க வேண்டும். கம்பெனி கவிழ்ந்தால் கொடுக்க ஒரு அரசுக் காப்பீட்டுக் கழகம். இத்தனை வருஷம் வேலை செய்தால் பென்ஷன் உன் சொத்து, அதற்கப்புறம் யாரும் பறிக்க முடியாது என்று ஒரு வரம்பு. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த வரம்பைப் பெரும்பாலான கம்பெனிகள் 10 வருஷம் என்று வைத்துக்கொண்டன, சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. 9 வருஷமும் 11 மாதமும் வேலை செய்தவருக்குப் பூஜ்யம். அமெரிக்காவில் சராசரி ஆள் ஒரே கம்பெனியில் 10 வருஷம் இருப்பதில்லை, பெண்கள் இன்னும் குறைவாகவே இருந்தார்கள். சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு வந்துவிட்டது என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பாதிப் பேரை அந்தச் சட்டம் தொடவே இல்லை என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. பெர்குசன் மையத்தைத் தொடங்கியது சரியாக இந்த நேரத்தில்தான்.

அவருடைய வேலையின் அருமை நன்றாகத் தெரிவது விதவைகள் விஷயத்தில். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஓய்வு பெறும்போது தொழிலாளிக்கு இரண்டு வழி. தான் உயிரோடு இருக்கும்வரை மட்டும் முழுப் பென்ஷன். அல்லது கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டு, தான் போன பிறகு துணைக்கும் ஒரு பங்கு. உதாரணமாக மாதம் 1,000 டாலருக்குப் பதில் 900 வாங்கினால், அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு 450. 1974 சட்டத்தின்படி, 1,000 டாலரே போதும் என்று கணவர் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிடலாம், மனைவியிடம் சொல்ல வேண்டியதில்லை. கணவரின் இறுதிச் சடங்கு முடிந்து, அடுத்த மாதம் பணம் வராதபோதுதான் பல பெண்களுக்கு விஷயமே தெரிந்தது. அதைவிடக் கொடுமை ஒன்றும் இருந்தது. ஒருவர் 30 வருஷம் உழைத்து, பென்ஷன் அவருடைய சொத்தாகவே ஆகிவிட்டிருந்தாலும், முன்கூட்டி ஓய்வு பெறுவதற்கான வயதை, பெரும்பாலும் 55, அடைவதற்குள் இறந்துபோனால், மனைவிக்கு ஒரு சல்லி கிடைக்காது. 54 வயதில் மாரடைப்பு வந்தால் கம்பெனிக்கு மிச்சம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, அப்போதைய கணக்கு அப்படித்தான் வேலை செய்தது.

பெர்குசனும் அவருடைய மையமும் இந்தப் பெண்களின் கடிதங்களைச் சேர்த்தார்கள். பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து, சட்டத்தின் எந்தப் பிரிவு இதற்குக் காரணம் என்று காட்டினார்கள். நாடாளுமன்றத்தில் ஜெரால்டின் ஃபெராரோ போன்றவர்கள் முன்னெடுத்தார்கள். 1984 ஆகஸ்ட் 23 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட ஓய்வூதியச் சமநீதிச் சட்டம் இந்த இரண்டையும் திருத்தியது. துணையின் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அந்தத் துணை சாட்சி முன்னிலையில் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். ஓய்வு வயதுக்கு முன்பே இறந்தாலும் பென்ஷன் உரிமை பெற்றிருந்தவரின் துணைக்குப் பங்கு உண்டு. விவாகரத்து ஆனால் பென்ஷனைப் பிரித்துக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்புறம், வெளியில் அதிகம் பேசப்படாத ஒன்று: திட்டத்தில் சேரும் வயது 25 என்றிருந்ததை 21 ஆக்கினார்கள், சர்வீஸ் கணக்கு 22 வயதிலிருந்து என்றிருந்ததை 18 ஆக்கினார்கள். ஏன் இது பெரிய விஷயம்? பெண்கள் அதிகம் வேலைக்குப் போனது 18-லிருந்து 25-க்குள், அதற்கப்புறம் குழந்தை, இடைவெளி. அவர்கள் உழைத்த வருஷங்களையே பழைய விதி கணக்கில் எடுக்காமல் வைத்திருந்தது. குழந்தைப் பேற்றுக்காக வேலையை விட்டு நிற்கும் காலம் சர்வீஸை அழித்துவிடக் கூடாது என்றும் அதே சட்டத்தில் சேர்த்தார்கள்.

இந்த ஒரு சட்டத்தால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது என்பதை யாரும் முழுதாகக் கணக்கெடுக்க முடியாது. தீர்ப்பு என்றால் வழக்குப் போட்டவருக்கு நேரடியாகப் பலன்; விதி மாறினால், வழக்கறிஞர் வாசலையே மிதிக்காத கோடிக்கணக்கானவர்களுக்குப் பலன். டேனியல் மாதிரி தோற்பதற்கு வாய்ப்பே இல்லாமல் போகிறது, ஏனென்றால் சண்டை போட வேண்டிய தேவையே வருவதில்லை.

1986 வரிச் சட்டத் திருத்தத்தோடு 10 வருஷம் என்பது பெரும்பாலான திட்டங்களில் 5 வருஷமாகக் குறைந்தது, 1989-லிருந்து நடைமுறை. அதே சட்டத்தில் இன்னொரு பழைய ஓட்டையையும் பாதி அடைத்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி தொகையில் ஒரு பகுதியைக் கம்பெனி தன் பென்ஷனிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. அதிகச் சம்பளக்காரருக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. குறைந்த சம்பளக்காரருக்குக் கழித்துப் பார்த்தால் சில சமயம் மிச்சம் ஒன்றுமே இருக்காது. 25 வருஷம் உழைத்தும் பென்ஷன் தொகை பூஜ்யம் என்று கடிதம் வரும். இனிமேல் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது என்றது திருத்தம். ஆனால் 1988-க்குப் பிறகு சம்பாதித்த பென்ஷனுக்கு மட்டும். அதற்கு முந்தைய உழைப்புக்குப் பழைய கணக்கேதான். அரை வெற்றி, வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். இந்த மாதிரி வேலையில் பொறுமை என்பது இப்படித்தான் இருக்கும்.

1980-களில் இன்னொரு பக்கம் நெருப்புப் பிடித்தது. பங்குச் சந்தை ஏறியதால் பென்ஷன் நிதிகளில் பணம் உபரியாகத் தெரிந்தது. கம்பெனிகளைக் கடன் வாங்கி விழுங்குகிறவர்கள், திட்டத்தை மூடிவிட்டு, தொழிலாளர்களுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், பென்ஷனுக்குப் பதிலாக ஆயுள் முழுதும் பணம் தரும் ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவின் பசிபிக் லம்பர் கம்பெனியை மாக்ஸாம் நிறுவனம் வாங்கியபோது இது நடந்தது. தொழிலாளர்களின் பென்ஷன் போன இடம் எக்ஸிக்யூட்டிவ் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம். 1991-ல் அது சரிந்தது, ஆண்டுத்தொகை வாங்கியவர்களுக்குச் சில காலம் 70 சதவீதம்தான் வந்தது. உபரி என்று எடுக்கப்பட்ட பணம் யாருடையது என்ற கேள்வியில் பெர்குசன் தரப்பின் பதில் தெளிவானது: பென்ஷன் என்பது பிறகு தருவதாகச் சொல்லி இப்போது பிடித்துவைத்த சம்பளம். அதை முதலாளியின் பரிசு என்று நினைத்தால் உபரி முதலாளிக்கு, சம்பளம் என்று நினைத்தால் தொழிலாளிக்கு. சட்டம் முழுதாக அந்தப் பக்கம் வரவில்லை; உபரியை எடுத்தால் தனி வரி என்று 1986-ல் 10 சதவீதத்தில் ஆரம்பித்து, 1990-ல் 20 அல்லது 50 சதவீதம் என்று ஏற்றினார்கள். உபரிக்காகத் திட்டத்தை மூடும் வேகம் அதற்கப்புறம் அடங்கியது.

சரி, விதி மாறினால் போதுமா? மாறிய விதி தனக்கும் உண்டு என்று அந்த மனிதருக்குத் தெரிய வேண்டும். 20 வருஷத்துக்கு முன் வேலை பார்த்த கம்பெனி மூன்று கை மாறியிருக்கும், பெயரே மாறியிருக்கும். அல்லது மாதா மாதம் வரும் தொகையில் கணக்குப் பிழை இருக்கும், அது பிழை என்று கண்டுபிடிக்கவே ஒரு நிபுணர் வேண்டும். தனியார் வழக்கறிஞர்களுக்கு இதில் வருமானம் இல்லை. மாதம் 80 டாலர் பென்ஷனுக்கு யார் வழக்காடுவார்கள்? பெர்குசனின் மையம் வற்புறுத்தியதன் பலனாக, 1990-களில் முதியோர் நல நிர்வாகத்தின் பணத்தில் இலவசப் பென்ஷன் ஆலோசனைத் திட்டங்கள் தொடங்கின. பழைய சம்பளச் சீட்டுகளையும் திட்ட ஆவணங்களையும் தோண்டி எடுத்து, வர வேண்டியதை வாங்கிக் கொடுப்பது அவற்றின் வேலை. இதுவரை கோடிக்கணக்கான டாலர் மீட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் சின்னச் சின்னத் தொகைகளாக.

இதற்கிடையில் தரையே நகர்ந்துகொண்டிருந்தது. 1978-ல் வரிச் சட்டத்தில் சேர்ந்த ஒரு பிரிவிலிருந்து 401(கே) முளைத்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர். சாகும்வரை மாதம் இவ்வளவு என்ற வாக்குறுதி போய், உன் சம்பளத்திலிருந்து நீ போடு, கம்பெனி கொஞ்சம் சேர்க்கும், சந்தை ஏறினால் உனக்கு, இறங்கினாலும் உனக்கு என்று ஆனது. சம்பளம் நன்றாக இருப்பவருக்கு இது வசதி. வாடகைக்கே தள்ளாடுகிறவர் எதைப் போடுவார்? என்ரான் என்ற பெரிய எரிசக்தி கம்பெனி 2001-ல் கவிழ்ந்தபோது அதன் ஊழியர்களின் 401(கே) கணக்குகளில் பெரும்பகுதி என்ரான் பங்குகளாகவே இருந்தது. வேலையும் சேமிப்பும் ஒரே சமயத்தில் போனது.

இங்கே பெர்குசனின் எதிர்த்தரப்பு ஒரு வாதம் வைக்கும்: நீங்கள் விதி மேல் விதி போட்டதால்தான் கம்பெனிகள் பென்ஷனே வேண்டாம் என்று ஓடின. இதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன், நிர்வாகச் செலவு கூடியது உண்மை, சிறிய கம்பெனிகளுக்கு அது பாரம்தான். ஆனால் கம்பெனிகள் ஓடியதற்கு வேறு காரணங்களும் உண்டு: கைக்கெட்டும் தூரத்தில் 401(கே) என்ற மலிவான வழி இருந்தது, யூனியன்கள் பலமிழந்துகொண்டிருந்தன, ஆபத்தைத் தொழிலாளி தலையில் வைத்துவிட்டால் கணக்குப் புத்தகம் சுத்தமாகத் தெரிந்தது. விதவைக்குச் சொல்லாமல் பங்கைப் பறிக்கும் உரிமை இருந்தால்தான் ஒரு திட்டம் நடக்கும் என்றால், அந்தத் திட்டம் முதலிலேயே பொய்.

கடைசிப் பெரிய போராட்டம் அவருடைய 70 வயதுக்கு மேல் வந்தது. பல கம்பெனிகள் சேர்ந்து பணம் போடும் யூனியன் பென்ஷன் நிதிகள், லாரி ஓட்டுநர்களுடைய 'சென்ட்ரல் ஸ்டேட்ஸ்' போன்றவை, திவாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. லாரித் தொழிலில் அரசுக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின, பணம் போடுகிறவர்கள் குறைந்து வாங்குகிறவர்கள் கூடினார்கள். இந்த வகை நிதி கவிழ்ந்தால் அரசுக் காப்பீடு கொடுக்கும் உச்சவரம்பு, 30 வருஷம் உழைத்தவருக்கே வருஷத்துக்கு 12,870 டாலர்தான். 2014 டிசம்பரில், ஒரு பெரிய செலவு மசோதாவோடு ஒட்டி ஒரு சட்டம் நிறைவேறியது: இந்த நிதிகள், ஏற்கெனவே ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர்களின் தொகையையே குறைக்கலாம். சம்பாதித்த பென்ஷனைக் குறைக்கக் கூடாது என்பது 1974 சட்டத்தின் அடிப்படை, அதிலேயே கை வைத்தார்கள். யோசனையை முன்வைத்ததில் முதலாளிகள் தரப்போடு சில யூனியன்களும் இருந்தன. ஓய்வு பெற்றவர்கள் மறுபடியும் மேஜைக்கு வெளியே. ஓட்டெடுப்பு உண்டு என்றார்கள், ஆனால் ஓட்டுப் போடாதவர்கள் எல்லாரும் சம்மதித்ததாகக் கணக்கு. மிகப் பெரிய நிதிகளில் பெரும்பான்மை வேண்டாம் என்றாலும் நிதித்துறை அதை மீறலாம்.

பெர்குசன் ஆரம்பத்திலிருந்தே இதை எதிர்த்தார், ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்களின் குழுக்களோடு அவருடைய மையம் நின்றது. 2016 மே மாதத்தில் சென்ட்ரல் ஸ்டேட்ஸின் குறைப்பு விண்ணப்பத்தை நிதித்துறை சார்பில் கென்னத் ஃபைன்பெர்க் நிராகரித்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, உறுப்பினர்களுக்கு அனுப்பிய அறிவிப்பு சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுதப்படவில்லை என்பது. பொடி எழுத்தைப் படித்துப் படித்தே வாழ்க்கையைச் செலவழித்த ஒருவருக்கு அந்த வரி எவ்வளவு சந்தோஷம் தந்திருக்கும்! பிறகு 2021 மார்ச் 11 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட நிவாரணச் சட்டத்தில் இந்த நிதிகளுக்கு அரசு உதவி சேர்ந்தது. சென்ட்ரல் ஸ்டேட்ஸுக்குச் சுமார் 3,600 கோடி டாலர் என்று 2022 டிசம்பரில் அறிவித்தார்கள், சுமார் 3,50,000 பேரின் பென்ஷன் 60 சதவீதம் அளவுக்கு வெட்டப்படாமல் தப்பியது. சட்டம் வந்ததை பெர்குசன் பார்த்தார், அந்தப் பணம் வந்ததைப் பார்க்க ஒரு வருஷம் குறைந்துபோனது.

தொலைந்துபோன பென்ஷன்களைத் தேட ஒரு தேசியப் பதிவேடு வேண்டும் என்பது அவருடைய மையம் நீண்ட காலம் கேட்டுவந்தது. அதற்கான சட்டமும் 2022 இறுதியில்தான் வந்தது. ஆனால் தேவாலயத் திட்டங்கள் என்ற வாசல் இன்னும் திறந்தே கிடக்கிறது. மதநிறுவனங்களின் பென்ஷன் திட்டங்களுக்கு 1974 சட்டம் விலக்கு கொடுத்தது, ஆயிரக்கணக்கான ஊழியர்கள் உள்ள மதச்சார்பு மருத்துவமனைகளுக்கும் அந்த விலக்கு உண்டு என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விலக்கு என்றால் நிதியில் போதிய பணம் வைக்கக் கட்டாயமில்லை, கவிழ்ந்தால் அரசுக் காப்பீடும் இல்லை. நியூயார்க் மாநிலம் ஷெனக்டடியில் 2008-ல் மூடப்பட்ட கத்தோலிக்க மருத்துவமனை ஒன்றின் நர்ஸுகளும் ஊழியர்களுமாக 1,100 பேருக்கு மேல், பத்து வருஷம் கழித்துத் தங்கள் பென்ஷனை முழுதாகவோ பகுதியாகவோ இழந்தார்கள். அந்த விலக்கைத் திருத்த நீதிமன்றத்தால் முடியாது, சட்டத்தை எழுதுகிறவர்களால்தான் முடியும், 1984-ல் செய்த மாதிரி.